உதவித்தொகை மனு நிராகரிக்கப்பட்டால் எங்கே போவது? மாற்றுத்திறனாளி குடும்பங்களுக்கு ஓர் ஒப்பீடு

அக்காவுக்கு வந்த கடிதத்தில் ஒரே வரிதான் இருந்தது. "தங்கள் மனு பரிசீலிக்கப்பட்டு, தகுதியின்மையால் நிராகரிக்கப்படுகிறது." எதில் தகுதி இல்லை, யார் பரிசீலித்தார்கள், அடுத்து என்ன செய்யலாம் என்று ஒரு வார்த்தை கிடையாது. இரண்டு வயதில் போலியோ தாக்கி இரண்டு கால்களும் சூம்பிப்போனவர் அக்கா. நாற்பதை நெருங்கும்போது வலது கையிலும் பலம் குறைந்துவிட்டது. "தகுதி இல்லைன்னா நான் நல்லா இருக்கேன்னு அர்த்தமா?" என்று அந்தக் கடிதத்தைக் கையில் வைத்துக்கொண்டே கேட்டார். என்னிடம் பதில் இல்லை.

அப்போது எல்லோரும் செய்வதைத்தான் நாங்களும் செய்தோம். ஆவணங்களைத் திரும்ப நகல் எடுத்து, புதிதாக இன்னொரு மனு போட்டோம். அதுவும் திரும்பி வந்தது. இதற்குள் பதினான்கு மாதம் ஓடிவிட்டது. பிறகுதான் வேறு வழிகளைத் தேடத் தொடங்கினோம். அதன்பின் அக்கம்பக்கத்தில் இதே சிக்கலில் மாட்டிய பலருக்கும் மனு எழுதிக் கொடுத்திருக்கிறேன். எந்த வழி எதற்குப் பயன்படும், எது நேரத்தை மட்டும் தின்னும் என்பதை அப்படித்தான் கற்றுக்கொண்டேன். தமிழ்நாட்டில் இருப்பவர்களுக்கு அது உதவட்டும் என்றே இதை எழுதுகிறேன்.

மறுத்தது யார் என்பதில் எல்லாம் இருக்கிறது

மாற்றுத்திறனாளி உதவித்தொகை என்று பொதுவாகச் சொன்னாலும், இங்கே பணம் இரண்டு வெவ்வேறு துறைகளிலிருந்து வருகிறது. ஒன்று வருவாய்த் துறை வழியாக வரும் ஓய்வூதியம். 40 சதவீதம் பாதிப்பு இருந்தாலே விண்ணப்பிக்கலாம். ஆனால் விண்ணப்பிப்பவர் ஆதரவற்றவராக இருக்க வேண்டும் என்பது அதன் அடிப்படை. சமூகப் பாதுகாப்புத் திட்டத் தனி வட்டாட்சியர்தான் முடிவு எடுப்பார். 2023 ஜனவரியிலிருந்து இது மாதம் 1,500 ரூபாய். இன்னொன்று மாற்றுத்திறனாளிகள் நலத்துறை கொடுக்கும் பராமரிப்பு உதவித்தொகை, மாதம் 2,000 ரூபாய். அறிவுசார் குறைபாடு, தசைச் சிதைவு நோய், தொழுநோய் பாதிப்பு, பார்க்கின்சன் போன்ற நாள்பட்ட நரம்பு நோய்கள், 75 சதவீதத்துக்கு மேல் கடும் பாதிப்பு ஆகிய பிரிவினருக்கு இது கிடைக்கும். இந்த மனு மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலரிடம் போகும். இரண்டையும் சேர்த்து வாங்க முடியாது. ஒன்றைத்தான் தேர்ந்தெடுக்க வேண்டும்.

மத்திய அரசின் இந்திரா காந்தி ஓய்வூதியம் என்று மூன்றாவதாக ஒன்றும் உண்டு. வறுமைக் கோட்டுக்குக் கீழே, 80 சதவீதம் பாதிப்பு உள்ளவர்களுக்கு அதில் மத்திய அரசின் பங்கு மாதம் 300 ரூபாய். பல ஆண்டுகளாக அந்த 300 அப்படியே நிற்கிறது. மாநில அரசு தன் பங்கைச் சேர்த்துத்தான் அது ஒரு தொகையாக ஆகிறது.

அக்காவுக்கு இந்த இரண்டு துறைகளிலும் மறுப்பு வந்தது. வட்டாட்சியர் அலுவலகம், தம்பி சம்பாதிக்கிறான், அதனால் ஆதரவற்றவர் இல்லை என்றது. நலத்துறையோ சான்றிதழில் 70 சதவீதம்தான் இருக்கிறது, 75 வேண்டும் என்றது. மேலோட்டமாகப் பார்த்தால் இரண்டும் ஒரே "இல்லை"தான். உண்மையில் முதலாவது குடும்பத்தைப் பற்றிய முடிவு, இரண்டாவது உடம்பைப் பற்றிய முடிவு. முதலாவதை மாற்றக்கூடியவர் வருவாய் அதிகாரி. இரண்டாவதை மாற்றக்கூடியவர் மருத்துவர் மட்டுமே. கலெக்டரே நினைத்தாலும் 70-ஐ 75 என்று எழுத முடியாது. இது புரியாமல்தான் நாங்கள் சதவீதக் குறைவுக்குக் கலெக்டரிடமும், வருமானச் சிக்கலுக்கு ஆஸ்பத்திரியிலும் மனு கொடுத்து அலைந்தோம்.

மூன்றாவது வகை மறுப்பும் இருக்கிறது. அதை மறுப்பு என்றே சொல்லமாட்டார்கள். "தகுதி இருக்கிறது, ஒதுக்கீடு வந்ததும் சொல்கிறோம்" என்று காத்திருப்போர் பட்டியலில் போடுவார்கள். காகிதத்தில் நிராகரிப்பு இல்லாததால் மேல்முறையீடும் செய்ய முடியாது. இதற்குத் தனி வழி உண்டு, பின்னால் வருகிறேன்.

முதல் பத்து ரூபாய்: தகவல் உரிமை மனு

எந்த மேல்முறையீட்டுக்கும் முன்னால் தகவல் உரிமைச் சட்டத்தில் ஒரு மனு போடுங்கள் என்பேன். இது அப்பீல் இல்லை, யாருடைய முடிவையும் மாற்றாது. ஆனால் இது இல்லாமல் போடும் அப்பீல் கண்ணைக் கட்டிக்கொண்டு நடப்பதுபோல. 2005-ஆம் ஆண்டுச் சட்டம் இது. கட்டணம் 10 ரூபாய். வறுமைக் கோட்டுப் பட்டியலில் இருந்தால் அதுவும் இல்லை. 30 நாளில் பதில் வர வேண்டும். வராவிட்டாலோ அரைகுறையாக வந்தாலோ, அடுத்த 30 நாளுக்குள் அதே அலுவலகத்தின் மேல் அதிகாரியிடம் முதல் மேல்முறையீடு செய்யலாம். அதன்பின் 90 நாளுக்குள் மாநிலத் தகவல் ஆணையம்.

கேள்விகளை வாதமாக எழுதக் கூடாது. "ஏன் எங்களுக்கு அநியாயம் செய்தீர்கள்" என்று கேட்டால் "இது தகவல் வரம்புக்குள் வராது" என்று முடித்துவிடுவார்கள். நான் வழக்கமாகக் கேட்பவை இவைதான்: என் மனு மீதான கோப்பின் குறிப்புப் பக்கங்கள் உள்பட முழு நகல், கிராம நிர்வாக அலுவலர், வருவாய் ஆய்வாளர் கொடுத்த விசாரணை அறிக்கைகளின் நகல், நான் எந்த அரசாணையின் எந்த நிபந்தனையைப் பூர்த்தி செய்யவில்லை என்று பதிவாகியுள்ளதோ அந்தப் பக்கத்தின் நகல், இந்த முடிவின் மீது மேல்முறையீட்டு அதிகாரியின் பதவிப் பெயரும் முகவரியும். மருத்துவ மறுப்பு என்றால், ஆஸ்பத்திரிக்குத் தனியாக இன்னொரு மனு போட்டு, மதிப்பீட்டுத் தாளின் நகலைக் கேட்க வேண்டும். எந்த உறுப்புக்கு எத்தனை மதிப்பெண் போட்டார்கள் என்பது அந்தத் தாளில்தான் இருக்கும்.

அக்காவின் மதிப்பீட்டுத் தாள் வந்தபோது, அதில் கால்களைப் பற்றி மட்டும்தான் இருந்தது. கையைப் பற்றி எதுவுமே இல்லை. பள்ளிக்கூட நாளில் கொடுத்த பழைய சான்றிதழைப் பார்த்து, புதிய மாற்றுத்திறனாளி அடையாள அட்டைக்கும் அதையே எழுதிவிட்டார்கள். அந்தச் சான்றிதழ் கொடுத்த காலத்தில் கை நன்றாக இருந்தது. பதினான்கு மாதம் நாங்கள் திரும்பத் திரும்ப மனு போட்டது, கையே பரிசோதிக்கப்படாத ஒரு சான்றிதழை வைத்துக்கொண்டு.

மறுபடி விண்ணப்பிப்பதா, சதவீதத்தை எதிர்ப்பதா

மறுபடி விண்ணப்பிப்பதில் ஒரு சௌகரியம் உண்டு. இ-சேவை மையத்துக்குப் போனால் ஒரே நாளில் முடியும், யாரையும் எதிர்க்க வேண்டியதில்லை. நிலைமை உண்மையிலேயே மாறியிருந்தால் இது சரியான வழிதான். உதாரணமாக, துணையாக இருந்த அப்பா இறந்துவிட்டார், அல்லது முதல் மனுவில் ஆதார் பெயரும் வங்கிப் பெயரும் ஒத்துப்போகாததால் திரும்பியது என்றால் புது மனுவே போதும். ஆனால் எதுவும் மாறாமல் அதே தாள்களை அதே மேசைக்கு அனுப்பினால் அதே பதில்தான் வரும். அதோடு, பழைய மனுத் தேதியிலிருந்து பணம் கேட்கும் வாதத்தையும் நாமே கைவிட்டதாக ஆகிவிடும்.

சதவீதத்தை எதிர்ப்பதற்குச் சட்டம் தெளிவாக வழி கொடுத்திருக்கிறது. 2016-ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைகள் சட்டம் 2017 ஏப்ரலில் அமலுக்கு வந்தது. அதன் 59-ஆம் பிரிவு, சான்றளிக்கும் அதிகாரியின் முடிவு பிடிக்காதவர் மாநில அரசு நியமித்த மேல்முறையீட்டு அதிகாரியிடம் போகலாம் என்கிறது. சான்றிதழே கொடுக்க மறுத்தால் அதற்கான காரணத்தை எழுத்தில் தர வேண்டும் என்றும் விதிகள் சொல்கின்றன. காலக்கெடு உண்டு என்பதால், கடிதம் கைக்கு வந்த வாரமே எழுதிவிடுவது நல்லது. இதைத் தவிர, உடல்நிலை மோசமாகியிருந்தால் மறுமதிப்பீடு கேட்டும் விண்ணப்பிக்கலாம். இரண்டும் வேறு வேறு. "அன்றே தவறாக அளந்தார்கள்" என்றால் மேல்முறையீடு. "அன்று சரி, இப்போது கூடியிருக்கிறது" என்றால் மறுமதிப்பீடு. ஒரே மனுவில் இரண்டையும் கலந்து எழுதினால் இரண்டும் பலவீனப்படும்.

சதவீதம் எப்படிக் கணக்கிடப்படுகிறது என்பதைத் தெரிந்துகொண்டுதான் இதில் இறங்க வேண்டும். மத்திய அரசு 2018 ஜனவரியில் வழிகாட்டு நெறிகளை வெளியிட்டது, 2024 மார்ச்சில் திருத்தியது. ஒன்றுக்கு மேற்பட்ட பாதிப்பு இருந்தால் இரண்டையும் நேராகக் கூட்டமாட்டார்கள். பெரிய எண்ணை 90-லிருந்து கழித்து, அதைச் சிறிய எண்ணால் பெருக்கி, 90-ஆல் வகுத்து, வருவதைப் பெரிய எண்ணோடு சேர்ப்பார்கள். காலுக்கு 60, கைக்கு 30 என்றால் பலரும் 90 என்று நினைத்துக்கொண்டு போகிறார்கள். கணக்குப்படி வருவது 70 மட்டுமே. 75 வேண்டிய உதவித்தொகைக்கு அது போதாது.

அக்காவின் கணக்கை வீட்டிலேயே போட்டுப் பார்த்தோம். காலுக்கு ஏற்கெனவே 70. கைக்கு 30 கிடைத்தால்? 90-லிருந்து 70 போக 20. அதை 30-ஆல் பெருக்கினால் 600. 90-ஆல் வகுத்தால் ஆறரைக்குக் கொஞ்சம் மேலே வரும். மொத்தம் 76 சொச்சம். அந்த ஆறரைக்காகத்தான் அவ்வளவு அலைச்சல். ஆனால் கணக்கு முன்கூட்டியே தெரிந்ததால், மருத்துவக் குழுவின் முன் போனபோது கால் வலியைப் பற்றிப் பேசி நேரத்தைச் செலவிடவில்லை. நரம்பியல் மருத்துவர் எழுதிய குறிப்பு, கைத்தசையின் பலம் பற்றிய பரிசோதனை முடிவு, பழைய சான்றிதழில் கை சேர்க்கப்படவில்லை என்பதைக் காட்டும் மதிப்பீட்டுத் தாள் ஆகிய மூன்றையும் மேலே வைத்துக் கொடுத்தோம்.

இதே கணக்கு சிலரை "அப்பீல் வேண்டாம்" என்று சொல்லவும் வைக்கும். ஒரு கண்ணில் முழுப் பார்வையும் போய், மறு கண் நன்றாக இருந்தால், நெறிகளின்படி 30 சதவீதம்தான். எத்தனை டாக்டரிடம் போனாலும் அது 40 ஆகாது. அப்படி ஒருவருக்காக நான் ஆறு மாதம் அலைந்திருக்கிறேன். தொடக்கத்திலேயே அட்டவணையைப் பார்த்திருந்தால் அவருடைய பஸ் காசாவது மிஞ்சியிருக்கும். அறிவுசார் குறைபாட்டிலும் அப்படித்தான், படிகள் திட்டவட்டமாக இருக்கின்றன. சோதனை மதிப்பெண் 55 முதல் 69 வரை என்றால் 50 சதவீதம், 36 முதல் 54 வரை என்றால் 75, அதற்குக் கீழே 90, பிறகு 100. குழந்தையின் மதிப்பெண் 54-க்கும் 55-க்கும் எல்லையில் இருந்தால், சோதனை நாளன்று பிள்ளைக்குக் காய்ச்சலா, புதிய இடத்தைப் பார்த்து மிரண்டதா என்பதெல்லாம் மேல்முறையீட்டில் எழுதத்தக்க விஷயங்கள். நடுவில் பத்திரமாக இருக்கும் மதிப்பெண்ணை எதிர்ப்பதில் பலன் குறைவு.

ஒரு ஆபத்தையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். மறுமதிப்பீட்டில் சதவீதம் குறையவும் கூடும். 42 சதவீதத்தில் வருவாய்த் துறை ஓய்வூதியம் வாங்கிக்கொண்டிருப்பவர், 75-ஐ எட்டலாம் என்ற ஆசையில் மறுமதிப்பீட்டுக்குப் போய் 38 ஆகிவிட்டால், இருப்பதும் போய்விடும். எல்லைக்கோட்டை ஒட்டி இருப்பவர்கள் வெளியே ஒரு எலும்பு மருத்துவரிடமோ நரம்பியல் மருத்துவரிடமோ முதலில் கேட்டுவிட்டு இறங்கட்டும்.

திங்கட்கிழமை மனு, 1100, கோட்டாட்சியர்

குடும்பத்தைப் பற்றிய மறுப்புக்கு வருவோம். மகன் இருக்கிறான், தம்பி இருக்கிறான், வீடு இருக்கிறது, கணவர் வேலைக்குப் போகிறார் என்பவை வழக்கமான காரணங்கள். இந்த மாதிரி மறுப்பு வந்ததும் பெரும்பாலானவர்கள் போகும் இடம், திங்கட்கிழமைகளில் கலெக்டர் அலுவலகத்தில் நடக்கும் மக்கள் குறைதீர்க்கும் நாள். கலெக்டரை நேரில் பார்க்கலாம், மனுவுக்கு எண் போட்ட ரசீது கிடைக்கும், செலவு இல்லை. சக்கர நாற்காலியில் வருபவரிடம் கலெக்டர் எழுந்து வந்து மனு வாங்குவதும் உண்டு. மனதுக்குத் தெம்பாக இருக்கும்.

ஆனால் அந்த மனு பிறகு எங்கே போகிறது என்று பாருங்கள். கலெக்டர் அலுவலகத்திலிருந்து கோட்டாட்சியருக்கு, அங்கிருந்து வட்டாட்சியருக்கு, அங்கிருந்து வருவாய் ஆய்வாளருக்கு, கடைசியில் முதலில் அறிக்கை எழுதிய அதே கிராம நிர்வாக அலுவலரிடம். அவர் முன்பு எழுதியதையே திரும்ப எழுதி அனுப்பினால், "மனு பரிசீலிக்கப்பட்டு முடிக்கப்பட்டது" என்று ஆகிவிடும். முதல்வரின் உதவி மைய எண் 1100-இல் சொன்னாலும் பயணம் ஏறக்குறைய இதேதான். கோப்பு எங்கோ தூங்கிக்கொண்டிருந்தால், காத்திருப்போர் பட்டியலில் பெயர் எத்தனையாவது என்று தெரியாவிட்டால், இந்த இரண்டு வழியும் அருமையானவை. தூங்கும் கோப்பை எழுப்பும். ஆனால் எழுதிவிட்ட முடிவை மாற்றுவதற்கு இவை போதாது.

அதற்குக் கோட்டாட்சியரிடம் முறையான மேல்முறையீடுதான் வேண்டும். வெளியே பார்க்க இரண்டும் காகிதமும் கையெழுத்தும்தான். ஆனால் திங்கட்கிழமை மனு ஒரு கோரிக்கை. மேல்முறையீடு என்றால், இன்ன தேதியிட்ட இன்ன எண்ணுள்ள ஆணை தவறு, காரணம் இது, ஆதாரம் இது என்று எழுதுவது. அதற்கு அவர் ஆணையாகவே பதில் எழுத வேண்டும். அந்த ஆணையும் பாதகமாக இருந்தால், அதைக் கையில் வைத்துக்கொண்டு மேலே போகலாம். "பரிசீலித்து முடிக்கப்பட்டது" என்ற ஒருவரிக் குறுஞ்செய்தியை வைத்துக்கொண்டு எங்கும் போக முடியாது.

மேல்முறையீட்டில் என்ன எழுதுவது? தம்பி சம்பாதிக்கிறான் என்பது உண்மைதான். ஆனால் தம்பி தனி ரேஷன் அட்டையில் இருக்கிறாரா, அவருக்கு எத்தனை பேர் பொறுப்பு, அவர் மாதம் என்ன தருகிறார், அக்காவின் பெயரில் என்ன சொத்து இருக்கிறது என்பதற்குத் தாள்கள் வேண்டும். எங்கள் விஷயத்தில் நாங்கள் ஒரே ரேஷன் அட்டையில் இருந்தோம். அதை மறைக்க நான் விரும்பவில்லை. பொய்யான தகவல் கொடுத்துப் பலன் பெறுவது மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தின்படியே குற்றம் என்பது ஒருபக்கம். அக்காவும் அதற்கு ஒப்பவில்லை. அதனால் வருவாய்த் துறை வழியை விட்டுவிட்டு, ஆதரவற்றவர் என்ற நிபந்தனை இல்லாத நலத்துறை உதவித்தொகைக்காகச் சதவீதத்தை எதிர்ப்பது என்று முடிவு செய்தோம். மறுப்பு இரண்டு வந்தால் இரண்டையும் எதிர்த்தே ஆக வேண்டும் என்பதில்லை. எதில் நியாயம் பலமாக இருக்கிறதோ அதில் மொத்த பலத்தையும் போடலாம்.

வயது வந்த அறிவுசார் குறைபாடு உள்ளவர்களின் பெற்றோருக்கு ஒரு வார்த்தை. சில இடங்களில் மறுப்புக்குக் காரணம் சதவீதமோ வருமானமோ அல்ல, கையெழுத்துப் போட சட்டப்படியான பாதுகாவலர் இல்லை என்பதுதான். பதினெட்டு வயது முடிந்துவிட்டால் பெற்றோர் தானாகவே பாதுகாவலர் ஆகிவிடுவதில்லை. 1999-ஆம் ஆண்டு தேசிய அறக்கட்டளைச் சட்டத்தின் கீழ், கலெக்டர் தலைமையிலான உள்ளூர்க் குழுவிடம் விண்ணப்பித்தால் பாதுகாவலர் சான்று கிடைக்கும். கோர்ட்டுக்குப் போக வேண்டியதில்லை. மறுப்பு இந்தக் காரணத்தால் என்றால் அப்பீலை ஒத்திவைத்து முதலில் இதை முடியுங்கள்.

மாநில ஆணையரா, உயர் நீதிமன்றமா

கோட்டாட்சியரிடமும் மருத்துவ மேல்முறையீட்டிலும் நியாயம் கிடைக்காவிட்டால், அல்லது மாதக்கணக்கில் பதிலே வராவிட்டால், இரண்டு பெரிய கதவுகள் இருக்கின்றன. சென்னையில் இருக்கும் மாற்றுத்திறனாளிகளுக்கான மாநில ஆணையர் ஒன்று. உயர் நீதிமன்றம் இன்னொன்று. பொதுவாக மக்கள் ஆணையரைத் தெரியாமலும் கோர்ட்டுக்குப் பயந்தும் இரண்டையும் விட்டுவிடுகிறார்கள்.

ஆணையரிடம் புகார் செய்யக் கட்டணம் இல்லை, வக்கீல் வேண்டியதில்லை, தமிழிலேயே எழுதலாம். சட்டத்தின் 80-ஆம் பிரிவு அவரை விசாரிக்கச் சொல்கிறது. 82-ஆம் பிரிவு, சாட்சிகளை அழைக்கவும் ஆவணங்களை வரவழைக்கவும் உரிமையியல் நீதிமன்றத்துக்குரிய அதிகாரத்தை அவருக்குத் தருகிறது. தகவல் உரிமை மனுவுக்குக்கூட அசையாத அலுவலகம், ஆணையரின் நோட்டீஸ் வந்ததும் கோப்பை எடுத்துக்கொண்டு ஓடுவதை நான் பார்த்திருக்கிறேன். பல மனுக்கள் விசாரணைத் தேதிக்கு முன்பே தீர்ந்துவிடுகின்றன.

பலவீனம் என்னவென்றால், அவர் தருவது பரிந்துரை. அதைப் பெற்ற அலுவலகம் மூன்று மாதத்துக்குள் நடவடிக்கை எடுத்துத் தெரிவிக்க வேண்டும். ஏற்கவில்லை என்றால் காரணத்தை அதே மூன்று மாதத்துக்குள் ஆணையருக்கும் பாதிக்கப்பட்டவருக்கும் சொல்ல வேண்டும். அதாவது காரணம் சொல்லி மறுக்க அவர்களுக்கு இடம் இருக்கிறது. இதைப் படித்துவிட்டு "அப்படியானால் எதற்கு?" என்று கேட்பவர்கள் உண்டு. அந்தக் காரணக் கடிதத்துக்காகவே போகலாம் என்பது என் பதில். நாலு அலுவலகத்தில் கேட்டுக் கிடைக்காத விளக்கம் அதில் எழுத்தில் வந்துவிடும். அதன்பின் உயர் நீதிமன்றத்தில் அதுவே உங்கள் முதல் ஆவணம்.

காத்திருப்போர் பட்டியலில் சிக்கியவர்களுக்கும் நான் ஆணையரையே சொல்வேன். நிராகரிப்பு ஆணை இல்லை என்பது அங்கே தடையாக இருக்காது. திட்டத்தின் பலன் மறுக்கப்படுகிறது என்பதே புகாருக்குப் போதும். உங்களுக்குப் பின்னால் விண்ணப்பித்தவருக்குக் கிடைத்திருந்தால், அந்தத் தேதிகளைத் தகவல் உரிமை மனு மூலம் வாங்கி இணைத்தால் புகார் வலுவாகும்.

உயர் நீதிமன்றத்தில் போடுவது ரிட் மனு, அரசியலமைப்பின் 226-ஆம் பிரிவின்படி. தென் மாவட்டக்காரர்கள் சென்னை வரை வர வேண்டியதில்லை. மதுரைக் கிளை 2004-லிருந்து இயங்குகிறது. நீதிமன்றத்தின் ஆணையை எந்த அலுவலகமும் பரிந்துரைபோல ஒதுக்கிவைக்க முடியாது, மீறினால் அவமதிப்பு வழக்கு. அது பெரிய பலம். ஆனால் எதிர்பார்ப்பைச் சரியாக வைத்துக்கொள்ளுங்கள். நீதிபதி உங்கள் கையைப் பரிசோதித்து 77 சதவீதம் என்று எழுதமாட்டார். பெரும்பாலும் வருவது, "மனுதாரரின் கோரிக்கையை இத்தனை வாரத்துக்குள் பரிசீலித்துத் தகுந்த ஆணை பிறப்பிக்க வேண்டும்" என்ற உத்தரவு. மருத்துவ விஷயம் என்றால் புதிய மருத்துவக் குழு முன் அனுப்பச் சொல்வார்கள். ஏற்கெனவே எல்லா ஆதாரங்களையும் சேர்த்து வைத்திருப்பவருக்கு அந்த உத்தரவு வெற்றிக்குச் சமம். ஆதாரமே இல்லாமல் போனவருக்கு, அதே அலுவலகத்திலிருந்து இன்னொரு நிராகரிப்புத்தான் வரும், இந்த முறை நீதிமன்ற எண்ணைக் குறிப்பிட்டு.

செலவுக்குப் பயப்பட வேண்டியதில்லை. 1987-ஆம் ஆண்டுச் சட்டப்பணிகள் ஆணையச் சட்டத்தின் 12-ஆம் பிரிவில், இலவசச் சட்ட உதவிக்கு உரியவர்கள் பட்டியலில் மாற்றுத்திறனாளிகள் தனியாகவே இடம்பெற்றிருக்கிறார்கள். அதற்கு வருமான வரம்பு பார்ப்பதில்லை. மாவட்ட நீதிமன்ற வளாகத்தில் இருக்கும் மாவட்டச் சட்டப்பணிகள் ஆணைக்குழுவுக்குப் போகலாம், 15100 என்ற எண்ணுக்குப் பேசலாம். உயர் நீதிமன்றத்துக்கென்று தனிக் குழுவும் இருக்கிறது. அங்கே ஒதுக்கப்படும் வக்கீல் நம் கதையைக் கேட்க அரைமணி நேரம் ஒதுக்குவார் என்று எண்ணிவிட வேண்டாம். தேதிவாரியாக ஒரே பக்கத்தில் எழுதிக் கொண்டுபோனால் அவருக்கும் நல்லது, நமக்கும் நல்லது.

ஆணையரிடமும் நீதிமன்றத்திலும் ஒரே நேரத்தில் போகலாமா என்று அடிக்கடி கேட்கிறார்கள். வேண்டாம். ஆணையரிடம் விசாரணை நடக்கிறதே என்று நீதிமன்றம் காத்திருக்கச் சொல்லலாம். அங்கே புகார் கொடுத்ததை நீதிமன்றத்தில் சொல்லாமல் விட்டால் அது இன்னும் பெரிய சிக்கல். அவசரம் என்றால், அதாவது வாங்கிக்கொண்டிருந்த உதவித்தொகையைத் திடீரென நிறுத்தி மருந்துக்கே வழியில்லை என்றால், நேராக நீதிமன்றம். ஏனென்றால் இடைக்கால உத்தரவு தரும் அதிகாரம் ஆணையருக்கு இல்லை என்று, பழைய 1995-ஆம் ஆண்டுச் சட்டத்தை வைத்து 2010-இலேயே உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. மற்ற எல்லாவற்றுக்கும் ஆணையரே முதலில்.

தொகை சிறியதுதான், ஆனாலும்

"மாதம் இரண்டாயிரத்துக்கு இவ்வளவு அலைச்சலா?" என்று சொந்தக்காரர்களே கேட்டார்கள். சட்டத்தின் 24-ஆம் பிரிவு, மாற்றுத்திறனாளிகளுக்கான உதவி மற்றவர்களுக்கான அதே மாதிரித் திட்டத்தைவிடக் குறைந்தது 25 சதவீதம் கூடுதலாக இருக்க வேண்டும் என்கிறது. 2023 ஆகஸ்டில் முதியோர் ஓய்வூதியம் 1,200 ஆனது. அதன்மீது 25 சதவீதம் சேர்த்தால் சரியாக 1,500. சட்டம் சொல்லும் கடைசிக் கோட்டில்தான் நம் தொகை நிற்கிறது. பக்கத்து ஆந்திராவில் 2024 ஜூலையிலிருந்து மாற்றுத்திறனாளி ஓய்வூதியம் 6,000 ரூபாய். இங்கேயும் உயர்த்தச் சொல்லி மாற்றுத்திறனாளிகள் சங்கங்கள் தொடர்ந்து போராடி வருகின்றன. அது நடக்கும்போது பட்டியலில் பெயர் இருப்பவருக்குத்தான் உயர்வும் கிடைக்கும்.

அக்காவுக்கு அந்த இரண்டாயிரம் வேறொரு கணக்கு. மாத்திரைக்கும் ஆட்டோவுக்கும் என்னிடம் கேட்காமல் எடுக்கக்கூடிய பணம் அது. நான் கொடுக்கமாட்டேன் என்பதால் அல்ல, கேட்க வேண்டியிருக்கிறதே என்பதால்.

கடைசியாகக் கையில் இருக்க வேண்டியவை பற்றி. எந்த வழியைத் தேர்ந்தெடுத்தாலும் நேரில் கொடுக்கும் ஒவ்வொரு தாளுக்கும் தேதியும் முத்திரையும் போட்ட நகல் வாங்குங்கள். தபாலில் என்றால், 2025-இல் பதிவுத் தபால் விரைவுத் தபாலோடு சேர்ந்துவிட்டது. அதனால் விரைவுத் தபாலில் அனுப்பி, சேர்ந்ததற்கான அத்தாட்சியையும் கேட்டு வாங்குங்கள். சான்றிதழில் செல்லுபடித் தேதி போட்டிருந்தால், அப்பீல் நடக்கும்போதே அது முடிந்துவிடாமல் பார்த்துக்கொள்ளுங்கள். மருத்துவக் குழு முன் போகும் நாளில், வழக்கமாக எப்படி நடக்கிறீர்களோ அப்படியே போங்கள். அன்றைக்கு மட்டும் பல்லைக் கடித்துக்கொண்டு நிமிர்ந்து நடந்து காட்டுகிறார்கள் நம் ஆட்கள். அக்காவும் முதல் தடவை அப்படித்தான் செய்தார். இரண்டாவது தடவை, டாக்டர் பேனாவை நீட்டிக் கையெழுத்துப் போடச் சொன்னபோது, வலது கையால் பிடிக்க முடியாமல் இடது கைக்கு மாற்றிக்கொண்டார். டாக்டர் அதைப் பார்த்தார். தாளில் எழுதிக்கொண்டார்.